சுவரில் செம்பருத்தி

மழை நின்ற பிறகும், மலேசியாவின் சுங்கை பூலோ சாலையோர மேட்டைத் தாங்கி நிற்கும் சுவர் வடிந்துகொண்டேயிருக்கிறது. அதில் வரிசையாகப் பதித்த குழாய்களின் வாயிலிருந்து செம்மண் தண்ணீர், இன்று காலை வரைந்து முடித்த பெரிய செம்பருத்தியின் இதழ்கள்மேல் பழுப்புக் கோடுகளாக இறங்குகிறது. ஏணியில் நிற்கும் வங்காளதேசத் தொழிலாளி ஒவ்வொரு குழாயிலும் சாக்குத்துணியைத் திணித்து, மேலே சிமெண்டை அப்பி, கட்டைவிரலால் வழவழப்பாக்குகிறான். கீழே நின்று கைகாட்டுகிறார் சூப்பர்வைசர் சுகுமாறன். சுவரடியில் வடைக்கடை போட்டிருக்கும் குமுதா அடுப்பை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறாள்.

"அண்ணே, போன வருஷம் மண்ணு சரிஞ்சு என் கடைய மூடுனப்ப, தண்ணி வெளிய வந்தாத்தான் மேடு நிக்கும்னு சொல்லி நீங்கதானே இந்தக் குழாயெல்லாம் வச்சீங்க?"

"நாளைக்கு நம்ம தொகுதி ஒய்.பி. வந்து இந்தச் சுவர்ப்படத்தத் திறந்து வைக்கிறாரு லா. பூ மேல அழுக்கு வழிஞ்சா யாரு பதில் சொல்றது? அவரு போனதும் அடைப்ப எடுத்துடலாம்."

கடைசிக் குழாயும் அடைபடுகிறது. சொட்டுச் சத்தம் நின்றதும் லோரிகளின் இரைச்சல் பெரிதாகக் கேட்கிறது. தொழிலாளி ஈரத்துணியால் இதழ்களைத் துடைக்கிறான். மேகம் விலகிய வெயிலில் செம்பருத்தி கறையே இல்லாமல் மினுங்குகிறது. குமுதா அடுப்பின் கேஸ் சிலிண்டரைச் சாய்த்து, சாலையின் மறுபக்கத்துக்கு உருட்டத் தொடங்குகிறாள். படமெடுக்கக் கைபேசியை உயர்த்திய சுகுமாறன் அதைத் தாழ்த்துகிறார்.

"கடைய எடுக்காதீங்க லா அக்கா. பூவுக்குக் கீழ நீங்க வடை சுட்டுக்கிட்டு இருந்தாத்தான் நாளைக்குப் படம் நல்லா வரும்."