பேர் சொன்னால் பேசும்

இப்போதெல்லாம் செத்தவனைக்கூட யாரும் சும்மா விடுவதில்லை. என் தம்பி கலியமூர்த்தி போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவன் வாட்சப்பில் பேசி அனுப்பியதையெல்லாம் சேர்த்துப் போட்டு, போனுக்குள் அவன் குரலைச் செய்து வைத்திருக்கிறாள் அவன் மகள் மாளவிகா. துக்கம் ஆறுமாம். கூடத்துத் தரையில் போன் கிடக்கிறது. எதிரே தம்பி பெண்டாட்டி தையல்நாயகி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயிலில் வைக்கோல் தூசி மிதக்கிறது. வயலில் அறுவடை மிஷின் இரைகிறது.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தாம்மா அப்பா பேசுவாரு."

"இந்தாங்க..." என்கிறாள் தையல்நாயகி. போன் வாய் திறக்கவில்லை.

"பேரும்மா!"

"கட்டுன நாள்லேருந்து சொன்னதில்லடி. இப்ப எப்படிச் சொல்லுவேன்?" கண் கலங்க என்னைப் பார்க்கிறாள். "ஒரே ஒரு தடவ நீங்க கூப்பிடுங்களேன், மாமா."

"கலியமூர்த்தி" என்கிறேன், வேண்டாவெறுப்பாக.

"வணக்கம். நல்லா இருக்கீங்களா?"

அச்சு அசல் அவன் குரல்தான். ஆனால் என் தம்பி எனக்கு வணக்கம் சொன்னதே கிடையாது.

தையல்நாயகி அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையைத் தோள் மூட இழுத்துக்கொள்கிறாள். "நெல்ல இன்னும் கொள்முதல்ல எடுக்கலங்க. ஈரமாம். களத்துல தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு" என்று போனிடம் சொல்கிறாள்.

அது என்ன பதில் சொல்கிறது என்று கேட்க நான் நிற்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துப் பக்கம் நடக்கிறேன். காற்று தூக்காமல் தார்ப்பாய் மேல் போனா வந்து கல் வைக்கும்?