கோதண்டபாணியின் குதிரை

இந்தக் காலத்தில் பூட்டுக்கும் மரியாதை இல்லை, சாவிக்கும் மரியாதை இல்லை. பூட்டு எங்கேயோ இருக்கிறதாம், யார் கண்ணுக்கும் தெரியாதாம்; சாவியை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி எதிர்ப்பட்டவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான்கள். இப்படி முனகிக்கொண்டே பழமலைநாதன் சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து நீலாவதியிடம் நீட்டினார்.

பாலக்கரையில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவள் நீலாவதி. சீட்டைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைத் திறந்தாள். வெப்சைட்டின் பேர், உள்ளே நுழைகிறவர் பேர், பாஸ்வேர்டு என்று மூன்று கட்டங்கள். மூன்றும் சரியாக இருந்தால் இங்கிருந்தே படத்தை நேராக வெப்சைட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றாள்.

"மொதல்ல வெப்சைட்டைத் தொறந்து காட்டட்டுங்களா, பெரியவரே?"

"அதெல்லாம் வேணாம்மா. படத்தை மட்டும் மாத்து."

வெப்சைட் அவருடையது இல்லை. கோதண்டபாணியுடையது. இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கொட்டகை, இரண்டுக்கும் பொதுவான ஒரே சூளை. பழமலை இருபது வருஷமாகப் பீங்கான் குதிரை செய்கிறார். விளக்கும் ஜாடியும் செய்துகொண்டிருந்த கோதண்டபாணி போன வருஷம் குதிரையிலும் கை வைத்தார். அன்றிலிருந்து பழமலைக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை சென்னைக் கடைக்காரர்கள் அந்த வெப்சைட்டைப் பார்ப்பார்களாம். பிடித்தால் இரண்டாயிரம் குதிரைக்கு ஆர்டராம். கண் ஆபரேஷனுக்குப் பாண்டிச்சேரி கிளம்பிய கோதண்டபாணி, படம் சரியாகத் தெரியவில்லை என்று அவர்கள் போன் பண்ணினால் நீலாவதியிடம் காட்டச் சொல்லி, சீட்டை இவர் பையில் செருகிவிட்டுப் போனார்.

சும்மா எவனும் சாவி கொடுக்க மாட்டான், இதில் என்னவோ சூது இருக்கிறது என்று இவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் உடைசல் குவியலிலிருந்து கழுத்து வெடித்த குதிரை ஒன்றைப் பொறுக்கியெடுத்து, ஸ்டுடியோவில் படம் பிடித்து, சிடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

திரையில் சிவப்பாக ஒரு வரி ஓடியது. உள்ளே விடமாட்டேன் என்கிறது என்றாள் நீலாவதி.

பழமலைக்கு அப்பாடா என்றிருந்தது. சூளை எரிகிற நாளெல்லாம் தூக்குப்போணியில் இவருக்கும் சேர்த்து டீ கொண்டு வருகிறவன் அந்தக் கோதண்டபாணி. சரி, நம் நல்ல நேரம், போய்விடலாம் என்று எழுந்தார்.

"இருங்க. நாந்தான் சின்ன எழுத்துக்குப் பெரிய எழுத்தா அடிச்சிட்டேன்."

திரும்ப அடித்தாள். பூட்டு திறந்துகொண்டது.

திரை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பவை, வலது பக்கம் வெப்சைட்டில் இருப்பவை. அங்கிருந்த குதிரைப் படத்தைத் திறந்து பார்த்த நீலாவதிக்குச் சிரிப்பு வந்தது. மாசி மகத்துக்கு இவரிடம் வாங்கி டிவி மேல் வைத்திருக்கும் குதிரை மாதிரியே இருக்கிறதே என்றாள்.

பழமலை அன்றைக்குக் கண்ணாடி எடுத்து வரவில்லை. நீலமாக ஏதோ நிற்பதுதான் தெரிந்தது. வாங்கினவளே ஏமாறுகிற அளவுக்குக் காப்பி அடித்திருக்கிறான் பாவி. இளகியிருந்த மனசு மறுபடி இறுகிப்போனது.

"நீங்க கொண்டாந்ததுல கழுத்தாண்ட வெடிப்பு இருக்குதுங்களே?"

கோதண்டபாணிதான் மாற்றச் சொன்னான் என்றார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பழைய படத்தின் பேரையே புதுசுக்கும் வைத்து, இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு இழுத்து விட்டாள்.

"ஏற்கெனவே இதே பேர்ல ஒண்ணு இருக்குது, அதை அழிச்சிடட்டுமான்னு கேக்குதுங்க."

பழமலை சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அழி."

அடுத்த வாரம் கோதண்டபாணி கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். சென்னைக்காரர்கள் விளக்கையும் ஜாடியையும் எடுத்துக்கொண்டு, குதிரையை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். படத்தைப் பார்க்கத் தனக்கும் கண் இல்லாமல் போய்விட்டதே என்றார்.

"ரெண்டாயிரம் குதிரைய்யா. போயே போச்சு."

இதைக் கேட்டால் வயிறு குளிரும் என்று பழமலை நினைத்திருந்தார். குளிரவில்லை. மூடாத அந்த ஒற்றைக் கண்ணைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. "கம்ப்யூட்டர் பொட்டிய நம்பினா இப்படித்தான் ஆவும்" என்று சொல்லி வைத்தார்.

சீட்டைத் திருப்பி நீட்டினார். கோதண்டபாணி வாங்கவில்லை, உன்னிடமே இருக்கட்டும் என்றார். பழமலை அதை விளக்குகள் காயவைத்திருந்த பலகை மேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார். ஒருத்தன் தன் சாவியை அடுத்தவனிடம் சும்மா கொடுப்பானா? தப்பு தன் பேரில்தான். ஆனாலும் அவன் கணக்கில் என்னவோ இருக்கத்தான் வேண்டும். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

சூளையைத் தாண்டும்போது பின்னாலிருந்து கோதண்டபாணியின் குரல் வந்தது.

"மன்னிச்சுக்க பழமலை, என்னுது ஒண்ணும் தேறலன்னு, உன்னக் கேக்காம உன் குதிரையத்தான் உம் பேரு போட்டு வெப்சைட்ல வச்சிருந்தேன்."