காதை அடைக்காத ஹெட்போன்

மான் ஒன்று ஹெட்போன் வாங்கப் போனது. கடைக்கார யானையண்ணன் பெரியதாக ஒன்றை எடுத்து அதற்கு மாட்டிவிட்டார்.

"வெளிச்சத்தம் துளிகூடக் கேக்காது. நானே இதைப் போட்டுக்கிட்டுத்தான் காட்டுக்குள்ள நடக்கிறேன்!"

பாட்டு அமிர்தமாக இருந்தது. ஆனால் கடைக்கு வந்த முயல் தோளைத் தொட்ட பிறகுதான் மானுக்கு ஆள் வந்ததே தெரிந்தது. பதறிப்போய்க் கழற்றியது.

"வெளிச்சத்தமும் கேக்கிற மாதிரி குடுங்கண்ணே."

"ரசனையே இல்லையேம்மா உனக்கு!"

"ரசனை இருக்கு. உயிரோட வீடு போய்ச் சேரணும்னும் இருக்கு. உங்க பின்னாடி எப்பவாவது புலி பதுங்கி வந்திருக்கா?"

"என் பின்னாடியா? நான் திரும்பியே பார்த்ததில்லையே..." யானையண்ணனின் குரல் இறங்கியது. காதை அடைக்காத ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிவிட்டார்.

"பாட்டு ஓடட்டும். நான் சத்தமில்லாம உன் பின்னாடி வர்றேன். கேக்குதான்னு சொல்லு."