நீலப் புள்ளி

எப்போதும் சாம்பிளைக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடும் டாக்டர் ஷைமா, அன்று லேப் டெக்னீஷியன் அன்புச்செல்வியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“காலைல நான் குடுத்த சாம்பிள்தானே கண்ணு?”

“அதுதானுங்க மேடம், கர்ப்ப டெஸ்ட்.”

“சவ்வை நல்லாக் கழுவுனயா?”

“கழுவிட்டேனுங்க.”

“சப்ஸ்ட்ரேட்டை மெதுவா விடு. சொட்டு நடுவுல விழோணும்.”

நிறம் காட்டும் அந்தத் திரவச் சொட்டு விழுந்ததும், டெஸ்ட் தட்டின் வெள்ளைச் சவ்வில் நீலப் புள்ளி வந்தால் கர்ப்பம். இதுகூடத் தெரியாமலா அவள் பட்டம் வாங்கினாள்? காட்டு வேலைக்குக் கூலியாகப் போகிற சுப்பையன் மகள் என்பதால்தானே இந்தக் கண்காணிப்பு? அன்புச்செல்விக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது.

“பாத்து கண்ணு, சிந்திப்போடாதே!”

வேலை போனாலும் போகட்டும் என்று டிராப்பரை டக்கென்று வைத்தாள்.

“என்மேல நம்பிக்கை இல்லீன்னா நீங்களே ஊத்திக்குங்க மேடம்!”

லேபில் யார் குரல் உயர்ந்தாலும் சீறி விழுகிற டாக்டர், தன் கைகளை நீட்டிக் காட்டினார். விரல்கள் வெடவெடவென்று ஆடின.

“ஊத்தத்தான் பார்த்தேன் கண்ணு. கை நிக்க மாட்டேங்குது. அது என்னோட சாம்பிள். கல்யாணமாகி ஒம்பது வருசமாச்சு.”

அன்புச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டை விட்டாள். இருவரும் தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். சவ்வின் நடுவே நீலம் மெல்லப் பூத்தது.

டாக்டர் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“லேப்ல சத்தம் கூடாதுங்க மேடம்!” என்றாள் அன்புச்செல்வி, அதைவிடச் சத்தமாக.