பத்தொன்பது சதவீதம்

"முப்பத்தெட்டு" என்று போனைப் பார்த்து உரக்கப் படித்தார் அண்ணன்.

எடை மெஷினிலிருந்து அண்ணி சத்தமில்லாமல் இறங்கினாள்.

"பாத்தியாம்மா உங்க அண்ணி லட்சணத்தை? உடம்புல நூத்துக்கு முப்பத்தெட்டு பங்கு வெறும் கொழுப்பு. பிழிஞ்சா எண்ணெய்க்கடை வெக்கலாம்."

ஊரிலிருந்து வந்திருந்த தங்கை சிரித்தாள். இரண்டு நாளாக அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், அண்ணியின் கை பிஸ்கட் டப்பாவுக்குப் போவதை.

அடுத்து அண்ணன் ஏறினார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பவரைப் போல நிமிர்ந்து நின்றார்.

"பத்தொன்பது. போன வாரம் பத்தொன்பதரை."

அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் இரண்டையும் எழுதிக் கோடு இழுத்தார். அவர் கோடு வாராவாரம் இறங்கியது. அண்ணியின் கோடு அசையாமல் கிடந்தது.

"அம்பத்தாறு வயசு. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்ச ஆளு. தினம் ஆறு கிலோமீட்டர் நடக்கறேன். இவளை வாசல் தாண்ட வைக்க முடியலை."

"அண்ணாவைப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா அண்ணி?"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் அண்ணி.

சொரணை கெட்ட ஜென்மம் என்று நினைத்துக்கொண்டாள் தங்கை.

அண்ணன் ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினார். மெஷினோடு இணைத்திருந்த அவர் போன் சார்ஜில் கிடந்தது. தன் கொழுப்பையும் பார்த்துவிடலாம் என்று தங்கை அதை எடுத்தாள். புது ஆளைச் சேர்க்கும் இடத்தைத் தேடியபோது அண்ணனின் பக்கம் திறந்தது.

வயது: இருபத்தெட்டு. 'விளையாட்டு வீரர்' என்ற கட்டத்தில் ஒரு டிக்.

தங்கை மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். மெஷின் காலில் துளி மின்சாரத்தை விட்டுப் பார்க்கிறது. மீதியை நாம் கொடுக்கும் வயதையும் பழக்கத்தையும் வைத்து ஊகிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வயது கூடினால் கொழுப்பையும் கூட்டிக் காட்டும்; பொய்யைக் கொடுத்தால் பொய்யைத் தரும்.

"அடப்பாவி அண்ணா. இங்க பாருங்க அண்ணி, பொய் வயசைப் போட்டுக்கிட்டு உங்களை இந்தப் பேச்சுப் பேசியிருக்கார். வரட்டும், மானத்தை வாங்கறேன்."

"வாங்காதே. அவருக்குத் தெரியாது. நான் போட்டது."

"நீங்களா? எதுக்கு?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் நெஜ வயசைப் போட்டுத்தான் பாத்தோம். முப்பத்திரண்டு. இனிமே நடந்து என்னத்தைக் கிழிக்கப் போறேன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டார். ரெண்டு மாசம். நடக்கலைன்னா அடுத்த தடவை கையை விரிச்சிடுவோம்னு டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார். அன்னிக்கே மாத்தினேன். மறுநாள் இருபத்துமூணு காட்டுச்சு. முன்ன மெஷின்தான் தப்பாக் காட்டிடுச்சுன்னேன், நம்பினார். நமக்குப் பிடிச்ச பொய்யை யாரு சோதிச்சுப் பாக்கறாங்க? உடனே ஷூ எங்கேன்னு கேட்டார்."



"சரி அண்ணி, அப்படியே உங்க வயசையும் குறைச்சிருக்கலாமே? வர்றவங்க போறவங்க முன்னாடி இந்த ஏச்சு எதுக்கு?"

பேசிக்கொண்டே அண்ணியின் பக்கத்தைத் திறந்தாள். ஐம்பது வயது அண்ணிக்கு அங்கே வயது எழுபத்தெட்டு.

அண்ணி போனை வாங்கி மறுபடி சார்ஜில் போட்டாள்.

"பக்கத்துல தோக்கறதுக்கு ஒருத்தி இல்லைன்னா, உங்க அண்ணன் தெருமுனை வரைக்கும் கூட நடக்க மாட்டார்."