லிஃப்ட்டில் ஏறியவர்கள்

"லிஃப்ட்ல ஏறமாட்டேன்னா சிங்கப்பூர்ல இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டிருந்தேன்.

"படி இல்லாத ஊராடி அது?" என்றார் என் கணவர் டென்சில்.

அவர் சிறுவனாக இருந்தபோது, சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் லிஃப்ட்டில் இறங்கிய அப்பா திரும்பவில்லை. இறங்கும்போது ஆளுக்கொரு எண் பொறித்துத் தரும் பித்தளை வில்லையை மேலே வந்ததும் ஒப்படைக்க வேண்டும். அப்பாவின் வில்லையும் வரவில்லை.

சிங்கப்பூர் ஓட்டலில் எங்கள் கைக்குழந்தை வின்னி லிஃப்ட்டைப் பார்த்துத் தாவினாள். அவளுக்காக டென்சில் ஏறியே விட்டார். என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது. வழியெல்லாம் அழாமல் வந்த வின்னி, காலி மூலையைப் பார்த்துச் சிரித்துக் கை நீட்டினாள்.

எங்கள் மாடியில் கதவு திறந்தது. வின்னியின் கையில் ஈரமாக ஒரு பித்தளை வில்லை. அதில் அப்பாவின் எண்.

டென்சில் கதவு மூடாமல் பிடித்துக்கொண்டார். அன்று சுரங்க வாசலில் நின்று சொல்ல முடியாததை மூலையைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்டுக்கு வாங்கப்பா."