முதல் ஸ்டார்

"பேரெல்லாம் வரிசையா எழுதிக்கடா. ராமாமிர்தம், லோகநாயகி, விருத்தாம்பாள், செந்தமிழ்செல்வன், கடைசியா உன் பேரு, இளவரசு. மேல 'துயரத்தில் வாடும்'னு போட்டு, கீழ இந்த அஞ்சும்."

சொன்னவர் ராமாமிர்தம். அந்த ஐந்து பேரும் புவனகிரி வீட்டுக் கூடத்தில்தான் இருந்தார்கள்: அவர், மனைவி, அக்கா, மைத்துனர், மகன். அந்த வீட்டின் ஆறாவது ஆள் மகள் இசைவாணி. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவளுக்குத்தான். பதினாறாம் நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் கடைத்தெரு முழுக்க ஒட்டிவிட வேண்டும் என்பது ராமாமிர்தத்தின் உத்தரவு.

யாரும் அழவில்லை. அழுகையெல்லாம் முதல் வாரத்தோடு முடிந்திருந்தது. கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் செயலாளராக இருந்து, யார் முன்னாலும் தலை குனியாமல் வந்தவர் ராமாமிர்தம். ஊர் வாயை அடைக்க வேண்டும், குடும்பத்தின் பெயர் நிற்க வேண்டும். இப்போது அவருக்கு அது ஒன்றுதான் குறி.

"என் பேர எடுத்துடுங்க" என்றாள் லோகநாயகி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"இருக்கட்டும். பெத்தவ பேரு இல்லாம எப்படி?" என்றாள் விருத்தாம்பாள்.

சிதம்பரத்தில் தெரிந்த பிரஸ் இருக்கிறதே என்று செந்தமிழ்செல்வன் இழுத்தார்.

"தெரிஞ்ச எடம்தான் வேணாங்கறேன் மச்சான். என்ன ஆச்சு, எப்படி ஆச்சுன்னு நோண்டுவான். எவன் கடையில நின்னும் நான் வெளக்கம் சொல்ல மாட்டேன். படம் கைக்கு வந்தா திண்டிவனத்துல அச்சடிச்சுக்குவோம்."

அப்போதுதான் இளவரசு ஒரு வழி சொன்னான். ஆன்லைனில் வேலை கொடுக்கிற தளம் ஒன்று இருந்தது. என்ன வேலை என்று போட்டால் செய்கிறவர்கள் விலை சொல்வார்கள். முகம் தெரியாது, ஊர் தெரியாது. அவனே அதில் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஒரு வருஷம் எழுதிப் பார்த்து அலுத்தவன். ஏற்கெனவே வேலை செய்து ஸ்டார் வாங்கியவர்களுக்கே மேலும் வேலை போகும், புதியவனை யாரும் சீண்ட மாட்டார்கள் என்றான்.

"அப்ப புதுசா வந்தவனையே புடி" என்றார் ராமாமிர்தம். "அவன்தான் கேள்வி கேக்காம செய்வான்."

வேலையைப் போட்ட அரை மணியில் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒரு ஸ்டாரும் இல்லாதது 'ஏ.ஆர். டிசைன்ஸ்' என்ற கணக்கு ஒன்றுதான். போட்டோவும் இல்லை. அது எழுதியிருந்ததை இளவரசு படித்துக் காட்டினான்.

"நான் இதற்குப் புதிது சார். இதுவரை நாற்பத்தொரு வேலைக்குக் கேட்டுவிட்டேன், ஒன்றும் அமையவில்லை. பாதி விலைக்குச் செய்கிறேன். பிடித்திருந்தால் ஸ்டார் மட்டும் போடுங்கள். தயவு செய்து ஒரு வாய்ப்பு கொடுங்கள்."

ராமாமிர்தத்தின் உதடு கோணியது. "எவன் பெத்த புள்ளையோ, முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட இப்படிக் கெஞ்சுது. மானம் ரோஷம் இருக்கற வீட்டுல பொறந்திருந்தா இப்படி எழுதுமா? சரி, குடு."

போட்டோவும் விவரமும் போயின. பிறந்த தேதியைச் சர்டிபிகேட்டைப் பார்த்து அனுப்பினான் இளவரசு. உடனுக்குடன் பதில் போட்டுக்கொண்டிருந்த ஏ.ஆர். டிசைன்ஸ் அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசவே இல்லை.

"நெட்டு போயிருக்கும்" என்றான் இளவரசு.

பிறகு ஒரே ஒரு கேள்வி வந்தது: 'துயரத்தில் வாடும்' என்று கண்டிப்பாகப் போட வேண்டுமா?

"போடச் சொல்லு. அதான் வழக்கம்" என்றார் ராமாமிர்தம்.

சாயங்காலம் படம் வந்துவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத்து எடுப்பாக இருந்தது. கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவில் பக்கத்தில் நின்றவர்களைச் சுத்தமாக நீக்கியிருந்தது. கூடவே ஒரு வரி: "தோற்றம் தேதி தப்பாக இருந்தது, திருத்திவிட்டேன்."

மே பன்னிரண்டு என்று அனுப்பிய இடத்தில் ஆகஸ்ட் மூன்று என்று இருந்தது.

"நீ சொன்னியாடா?"

"இல்லப்பா. எனக்கு மே பன்னெண்டுதான் தெரியும்."

லோகநாயகி எழுந்து வந்தாள். மகன் கையிலிருந்த போனை வாங்கி வெகு நேரம் பார்த்தாள்.

"ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தான் பொறந்தா. ஸ்கூல்ல சேக்க வயசு பத்தலன்னு உங்கப்பாதான் மூணு மாசம் முன்னாடி போட்டுக் குடுத்தாரு" என்றாள். "அது மூணு பேருக்குத்தான் தெரியும். இவருக்கு, எனக்கு..."

செந்தமிழ்செல்வன் தரையைப் பார்த்தார். விருத்தாம்பாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். போனில் இன்னொரு வரி வந்து விழுந்தது: "முதல் வேலை சார். ஸ்டார் போட மறந்துடாதீங்க."

ராமாமிர்தம் கை நீட்டிப் போனை வாங்கினார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "வேலைய ஒழுங்கா செஞ்சா, ஒழுங்கா செஞ்சதுன்னு சொல்லணும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லி, ஒவ்வொன்றாக ஐந்து ஸ்டாரையும் அழுத்தினார்.

"கெளம்பு மச்சான். அச்சுக்குக் குடு. தேதி அப்படியே இருக்கட்டும்."

இசைவாணி மூளைக்காய்ச்சலில் செத்துப்போனாள் என்று புவனகிரியில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஆரோக்கியராஜைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள் கடலூரில் உயிரோடுதான் இருக்கிறாள். அந்தப் போஸ்டர்தான் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை.